ஜிம்முக்குப் போகிறவர்களுக்கு அமினோ அமிலப் பவுடர் தேவையா? கேள்வி பதில்

பி.சி.ஏ.ஏ., இ.ஏ.ஏ., குளூட்டமின் என்று கடைகளில் விற்கும் அமினோ அமிலப் பவுடர்களைப் பற்றி உடற்பயிற்சி செய்பவர்கள் கேட்ட கேள்விகளும், விளையாட்டு ஊட்டச்சத்துத் துறை அறிந்தவர் தந்த பதில்களும்.

கேள்வி: வணக்கம் சார். வயசு 24, எடை 60 கிலோ. ஒரு வருஷமா ஜிம் போறேன். தினமும் ஒரு ஸ்கூப் வே புரோட்டீன் (பால்ல இருந்து எடுக்கற புரதப் பவுடர்) குடிக்கிறேன். ஒர்க்அவுட் நடுவுல பி.சி.ஏ.ஏ. குடிச்சாத்தான் தசை கரையாதுன்னு மாஸ்டர் சொல்றார். வாங்கலாமா?

வாங்க வேண்டாம். காரணத்தை விரிவாகவே சொல்கிறேன். இது புரிந்துவிட்டால் கீழே வரும் பாதிக் கேள்விகளுக்கு விடை தானாகக் கிடைத்துவிடும்.

தசைப் புரதம் 20 வகை அமினோ அமிலங்களால் ஆனது. அவற்றில் 9 அமிலங்களை நம் உடம்பால் தயாரிக்க முடியாது. சாப்பாட்டில்தான் வந்தாக வேண்டும். பி.சி.ஏ.ஏ. என்பது அந்த ஒன்பதில் மூன்று மட்டும்: லியூசின், ஐசோலியூசின், வேலின். இதில் லியூசினுக்குத் தனி வேலை உண்டு. புரதம் கட்டும் வேலையைத் தொடங்கு என்று தசை செல்லுக்குச் சொல்வது அதுதான். விளம்பரங்கள் இந்த உண்மையை மட்டும் பிடித்துக்கொண்டு மீதியை விட்டுவிடுகின்றன. கொத்தனாரைக் கூப்பிட்டாயிற்று, செங்கல் எங்கே? மற்ற 6 அமிலங்கள் சாப்பாட்டிலிருந்து வராவிட்டால், உங்கள் தசையே சிதைந்து வெளியே விடும் இருப்பிலிருந்துதான் எடுத்தாக வேண்டும்.

பிரிட்டன் ஆய்வாளர்கள் 2017-ல் வெளியிட்ட சோதனையில், எடைப் பயிற்சி முடித்தவர்களுக்கு 5.6 கிராம் பி.சி.ஏ.ஏ. தனியாகக் கொடுத்தார்கள். தசைப் புரத உற்பத்தி வெற்றுப் பானம் குடித்தவர்களைவிட 22 சதவீதம் கூடியது. இந்த எண்ணைத்தான் டப்பாவில் அச்சடிக்கிறார்கள். அதே அளவு பி.சி.ஏ.ஏ. அடங்கிய வே புரோட்டீன் கொடுத்த முந்தைய சோதனைகளில் ஏற்றம் ஏறக்குறைய இரண்டு மடங்கு இருந்தது என்பதை அச்சடிப்பதில்லை.

25 கிராம் புரதம் தரும் உங்கள் வே ஸ்கூப்பிலேயே சுமார் 5.5 கிராம் பி.சி.ஏ.ஏ. இருக்கிறது, அதில் லியூசின் மட்டும் சுமார் 2.5 கிராம். மீதி 6 அமிலங்களும் கூடவே வருகின்றன. ஒரே பொருளுக்கு இரண்டாம் முறை காசு கொடுக்காதீர்கள்.

அதற்குப் பதில் மூன்று நாள் சாப்பாட்டை எழுதி வைத்து மொத்தப் புரதத்தைக் கூட்டிப் பாருங்கள். 49 சோதனைகளைத் தொகுத்து 2018-ல் வந்த ஆய்வின்படி, ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்குச் சுமார் 1.6 கிராம் வரைதான் தசை வளர்ச்சியில் பலன் கூடுகிறது. உங்களுக்கு அது 96 கிராம். குறைந்தால் இரண்டு முட்டை கூட்டுங்கள், 12 கிராம் வரும்.

கேள்வி: நான் சுத்த சைவம், முட்டையும் கிடையாது. எடை 60 கிலோ. சைவக்காரங்களுக்கு அமினோ ஆசிட் குறைவு, அதனால பவுடர் கட்டாயம்னு சொல்றாங்களே?

குறைபாடு உண்மை. ஆனால் பி.சி.ஏ.ஏ. அதற்கு மருந்தே அல்ல. அரிசி, கோதுமையில் குறைவது லைசின். பருப்பில் குறைவது மெத்தியோனின். இரண்டுமே பி.சி.ஏ.ஏ. டப்பாவில் கிடையாது! அரிசியின் குறையைப் பருப்பும், பருப்பின் குறையை அரிசியும் நிரப்பும். இட்லியும் பொங்கலும் சாம்பார் சாதமும் அந்தச் சேர்க்கைதான். ஒரே வேளையில் சேர வேண்டும் என்றுகூட இல்லை, ஒரே நாளில் வந்தால் போதும்.

நம் தட்டில் சோறு மலையாகவும் பருப்பு ஓரமாகவும் இருப்பதுதான் சிக்கல். இப்படி மாற்றிப் பாருங்கள். காலையில் 4 இட்லி, கெட்டிச் சாம்பார், 250 மில்லி பால்: சுமார் 20 கிராம். மதியம் சோறு, பருப்புக் கூட்டு, ஒரு பெரிய கிண்ணம் தயிர், கூடவே காய்ந்த நிலையில் 30 கிராம் எடையுள்ள மீல் மேக்கர்: சுமார் 35. மாலையில் 50 கிராம் கொண்டைக்கடலையில் சுண்டல், ஒரு கைப்பிடி வேர்க்கடலை: 17. இரவு 3 சப்பாத்தி, 100 கிராம் பன்னீர்: 27. மொத்தம் 99. மீல் மேக்கரைக் கொதிநீரில் ஊற வைத்து இரண்டு முறை பிழிந்துவிட்டுச் சமைத்தால் வாடையும் வாயுத் தொல்லையும் குறையும். சுண்டலின் அளவையும் ஒரே நாளில் ஏற்றாதீர்கள். வாரா வாரம் கூட்டினால் வயிறு பழகிக்கொள்ளும்.

கேள்வி: காலைல வெறும் வயித்துல ஜிம் போறேன். விரதம் கெடாம தசையக் காப்பாத்த பி.சி.ஏ.ஏ. உதவுமா அண்ணா?

விரதம் கெடும் தம்பி. 10 கிராம் பி.சி.ஏ.ஏ.யில் ஏறக்குறைய 40 கலோரி இருக்கிறது. இன்சுலினையும் அது தூண்டும். ஒரு மணி நேரப் பயிற்சியில் தசை கரைந்து ஓடிவிடாது. முந்தின இரவு 25 முதல் 30 கிராம் புரதம் சாப்பிட்டிருங்கள், பயிற்சி முடிந்து ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் அதே அளவு சாப்பிடுங்கள். நடுவில் தண்ணீர் போதும். அதிகம் வியர்த்தால் ஒரு சிட்டிகை உப்பு சேருங்கள்.

கேள்வி: அப்போ இ.ஏ.ஏ.?

உடம்பால் தயாரிக்க முடியாத அந்த ஒன்பது அமிலங்களும் இருப்பதால் பி.சி.ஏ.ஏ.யைவிட நியாயமான பொருள். வே புரதத்தில் கிட்டத்தட்டப் பாதி இந்த ஒன்பதுதான் என்பதால், 10 முதல் 12 கிராம் இ.ஏ.ஏ. ஒரு ஸ்கூப் வேக்கு ஈடு. பயிற்சிக்கு முன் எதுவும் வயிற்றில் தங்காதவர்களுக்கும் பசி குறைந்தவர்களுக்கும் பொருந்தும். வாங்குமுன் ஒரு கணக்குப் போடுங்கள்: டப்பா விலையை அதிலுள்ள மொத்த இ.ஏ.ஏ. கிராமால் வகுங்கள். வேயில் மொத்தப் புரதத்தில் பாதியால் வகுங்கள். எது மலிவு என்று தெரிந்துவிடும். பால் ஒத்துக்கொள்ளாததுதான் பிரச்சினை என்றால் இன்னும் சுத்திகரித்த வே ஐசொலேட் பாருங்கள், அதில் லாக்டோஸ் (பால் சர்க்கரை) மிகக் குறைவு.

கேள்வி: குளூட்டமின், அர்ஜினின்?

இரண்டும் வேண்டாம். வாய்வழி எடுக்கும் குளூட்டமினில் பெரும்பகுதியைக் குடல் செல்களே எரித்துவிடும். எடைப் பயிற்சியோடு 6 வாரம் கொடுத்துப் பார்த்த 2001-ம் வருடச் சோதனையில் வலிமையிலோ தசையிலோ வித்தியாசம் தெரியவில்லை. ரத்த ஓட்டத்துக்கென்று விற்கும் அர்ஜினினும் குடலிலும் கல்லீரலிலும் பெருமளவு சிதைந்துவிடும். ரத்தத்தில் அர்ஜினினை ஏற்றுவதில் சிட்ருலின் என்ற இன்னொரு அமினோ அமிலம் அதைவிட மேல். கையில் காசு இருந்தால் தசைக்கு வேகமாகச் சக்தி தர உதவும் கிரியேட்டின் மோனோஹைட்ரேட் வாங்குங்கள், தினம் 3 முதல் 5 கிராம். கிரியேட்டின் எடுப்பவர்களுக்கு ரத்தப் பரிசோதனையில் கிரியேட்டினின் (சிறுநீரகத்தின் நிலையைப் பார்க்க அளக்கும் கழிவுப்பொருள்) சற்றுக் கூடுதலாகக் காட்டலாம் என்பதால் மருத்துவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: ப்ரீ-ஒர்க்அவுட் (பயிற்சிக்கு முன்னாடி குடிக்கற பவுடர்) குடிச்சதும் முகமும் காதும் சுள்ளுன்னு அரிக்குது. அலர்ஜியா?

தடிப்பு, வீக்கம், மூச்சுத் திணறல் இருந்தால் உடனே மருத்துவரிடம் போங்கள். வெறும் அரிப்பும் ஊசி குத்துவது போன்ற உணர்வும் மட்டும் என்றால் பீட்டா அலனின் என்ற அமினோ அமிலமாக இருக்கும். ஒரு மணி நேரத்தில் அடங்கும், ஆபத்தில்லை. மருந்து வேலை செய்கிறது என்பதற்கு அது அடையாளமும் இல்லை.

உண்மையில் பீட்டா அலனின் பயனுள்ள பொருள். தசைக்குள் கார்னோசின் என்ற பொருளின் அளவைக் கூட்டி, அங்கே சேரும் அமிலத்தன்மையைத் தாங்க வைக்கும். ஆனால் தினமும் 3.2 முதல் 6.4 கிராம், குறைந்தது 4 வாரம் எடுத்தால்தான். 1 முதல் 4 நிமிடம் வரை நீடிக்கும் கடும் முயற்சிக்கு, உதாரணமாக 800 மீட்டர் ஓட்டத்துக்கு, உதவும். ஐந்து முறை தூக்கிவிட்டு ஓய்வெடுப்பவருக்குப் பெரிதாக ஒன்றுமில்லை. 0.8 கிராம் வீதம் பிரித்து எடுத்தால் அரிப்பு குறையும்.

கேள்வி: நான் வாங்கற புரோட்டீன் பவுடர்ல மலிவான அமினோ ஆசிட் கலந்திருக்கான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

அவசியம் தெரிந்திருக்க வேண்டிய விஷயம். ஆய்வகத்தில் வழக்கமாகப் புரதத்தை நேரடியாக அளப்பதில்லை. நைட்ரஜனை அளந்து 6.25-ஆல் பெருக்குவார்கள். கிளைசின், டாரின், கிரியேட்டின் எல்லாவற்றிலும் நைட்ரஜன் உண்டு. ஆகவே அவற்றைக் கலந்தால் காகிதத்தில் புரதம் கூடும், தசைக்கு வராது. சீனாவில் 2008-ல் பாலில் நைட்ரஜன் நிறைந்த மெலமைன் என்ற வேதிப்பொருளைக் கலந்து குழந்தைகள் இறந்தது இதே ஓட்டையில்தான்.

டப்பாவைத் திருப்பி, சேர்மானப் பட்டியலில் கிளைசின், டாரின், குளூட்டமின் தனியாக இருக்கிறதா என்று பாருங்கள். வே பவுடரில் அவற்றுக்கு வேலையில்லை. அடுத்து லியூசின் அளவு. 24 கிராம் புரதம் என்று போட்டிருந்தால் லியூசின் 2.4 கிராமுக்குக் குறையக் கூடாது, 1.5 தான் என்றால் அல்லது அமினோ அமிலப் பட்டியலே இல்லையென்றால் வைத்துவிடுங்கள். எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) முத்திரையும் 14 இலக்க உரிம எண்ணும் இருக்க வேண்டும். இறக்குமதிச் சரக்கில் இறக்குமதியாளர் பெயர், முகவரி ஒட்டியிருக்க வேண்டும்.

கேள்வி: அப்பாவுக்கு 66 வயசு, கால் சதை வத்திப் போச்சு. அவருக்குக் கொடுக்கலாமா?

இங்கே என் பதில் மாறும். வயது ஏற ஏற, அதே அளவு புரதத்துக்குத் தசை மந்தமாகத்தான் பதில் சொல்லும். ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 0.4 கிராம் வேண்டும். 60 கிலோ என்றால் 24 கிராம். மூன்று இட்லி, சட்னி, காபியில் 8 கிராம்கூடத் தேறுவது சிரமம். முதலில் காலை உணவோடு பாலில் கலந்த வே அல்லது முட்டை கொடுத்துப் பாருங்கள். அவ்வளவு சாப்பிட முடியவில்லை என்றால் 2.5 முதல் 3 கிராம் லியூசின் தரும் இ.ஏ.ஏ. பொருத்தமானது. நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்காருவதை 10 முறை வீதம் மூன்று சுற்று, வாரம் மூன்று நாளாவது செய்ய வையுங்கள். வேலை கொடுக்காத தசைக்கு எந்தப் பவுடரும் உதவாது.

தொடங்குமுன் சிறுநீரகப் பரிசோதனை அவசியம். பார்க்கின்சன் நோய்க்கு லெவோடோபா மாத்திரை சாப்பிடுகிறார் என்றால், அமினோ அமிலங்கள் அந்த மருந்தோடு போட்டியிட்டு அது மூளைக்குள் போவதைக் குறைக்கும். மருத்துவரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள்.

கேள்வி: மாவட்ட அளவுல ஓடறேன். ஊக்கமருந்து சோதனையில மாட்டுமா?

தூய அமினோ அமிலங்கள் தடைப் பட்டியலில் இல்லை. கலப்படம்தான் அபாயம். உடம்பில் என்ன இருந்தாலும் பொறுப்பு வீரருடையது. தெரியாமல் நடந்தது என்று சொல்லித் தப்ப முடியாது. தடை செய்த பொருள் இருக்கிறதா என்று சோதித்துத் தரும் இன்ஃபார்ம்டு ஸ்போர்ட் போன்ற சான்று அந்தத் தொகுதி எண்ணுக்கே இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், எண்ணைப் படமெடுத்து வையுங்கள். ஆஸ்திரேலிய விளையாட்டு நிறுவனம் பி.சி.ஏ.ஏ.யைப் பலனுக்குப் போதிய ஆதாரமில்லாத சி பிரிவில் வைத்திருக்கிறது என்பதையும் யோசியுங்கள்.

கேள்வி: சார், முதல் கேள்வி கேட்டவன்தான். உண்மையச் சொன்னா ஒரு டப்பா ஏற்கெனவே வாங்கிட்டேன். தூக்கிப் போடவா?

வேண்டாம் தம்பி. உப்புமா, இட்லி போலப் புரதம் குறைந்த காலை உணவோடு 5 கிராம் குடித்துத் தீருங்கள். சாப்பாட்டில் மற்ற அமிலங்கள் கொஞ்சமாவது இருப்பதால், கூடுதல் லியூசினுக்கு அங்கே சிறிது வேலை இருக்கும். பவுடர் தண்ணீரில் மிதப்பதும் கசப்பதும் லியூசினின் இயல்பு, போலி என்று பயப்படாதீர்கள். ஷேக்கரில் முதலில் தண்ணீர், பிறகு பவுடர். குலுக்கிவிட்டுப் பத்து நிமிடம் வைத்து மறுபடி குலுக்குங்கள். ஈரக் கரண்டி மட்டும் போடாதீர்கள், கட்டி தட்டிவிடும்.