வெள்ளி விலை ஏறிவிட்டது, ஜகாத் கொடுக்க ரொக்கம் இல்லை: என்ன செய்யலாம்?

கேள்வி: அஸ்ஸலாமு அலைக்கும். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு மொத்த வியாபாரம் செய்கிறேன். கட்டி வெள்ளியைப் பட்டறைகளுக்குக் கொடுத்து, கொலுசாக வாங்கி, வெளியூர் நகைக்கடைகளுக்கு அனுப்புவேன். நாங்கள் ஹனஃபி மத்ஹப் (இஸ்லாமியச் சட்டப் பிரிவுகளில் ஒன்று). ரமலான் வந்தால் தோராயமாக ஒரு தொகையை ஜகாத் (வருஷாவருஷம் கொடுக்க வேண்டிய கடமையான தர்மம்) என்று ஒதுக்கி, கடை வாசலுக்கு வருபவர்களுக்குக் கொடுத்துவிடுவது வழக்கம். இந்த வருஷம் மகன் உட்கார்ந்து கணக்குப் போட்டான். சுத்த வெள்ளிக் கணக்கில் 58 கிலோ வருகிறது என்கிறான். இன்றைய விலைக்கு அதில் நாற்பதில் ஒரு பங்கு என்றால் மலைப்பாக இருக்கிறது. சரக்கு இருக்கிறது, ரொக்கம் இல்லை. பேங்க் ஓடியில் (ஓவர் டிராஃப்ட் என்ற வட்டிக் கடன்) எடுத்துக் கொடுக்கலாமா? சேவிங்ஸ் கணக்கில் விழுந்திருக்கும் வட்டியை ஜகாத்தாகக் கொடுத்துவிடலாமா? அம்மாபேட்டையில் இருக்கும் என் அக்கா கணவரை இழந்தவர். அவருக்கு என் ஜகாத் சேருமா?

பதில்: வ அலைக்கும் ஸலாம். முதலில் உங்கள் மகனுக்கு என் பாராட்டு. சேலத்து வெள்ளிக்காரர்கள் பலருக்கு வரவு செலவு பார்த்துக் கொடுத்திருக்கிறேன். ஜகாத்துக்கென்று சரக்கை எடை போட்டுப் பார்க்கும் வீடுகள் எனக்குத் தெரிந்து குறைவு. மார்க்கத் தீர்ப்பு சொல்வது என் வேலை அல்ல, அதற்கு உங்கள் பள்ளிவாசல் ஹஜ்ரத் இருக்கிறார். ஆனால் அவரிடம் போய் உட்காரும்போது கையில் சரியான கணக்கு இருக்க வேண்டும். அதற்கு நான் உதவ முடியும்.

விலையைப் பார்த்துத்தான் பயந்திருக்கிறீர்கள். கொஞ்ச நேரம் ரூபாயை மறந்துவிட்டு எடையை மட்டும் பாருங்கள். நாற்பது கிலோ வெள்ளி வைத்திருப்பவருக்கு ஜகாத் ஒரு கிலோ. வெள்ளி கிலோ 50,000 ரூபாய்க்கு விற்றபோதும் ஒரு கிலோதான், லட்சத்தைத் தாண்டிய பிறகும் ஒரு கிலோதான். விலை இரண்டு மடங்கானபோது உங்கள் கையில் மிஞ்சும் 39 கிலோவும் சேர்ந்துதான் இரண்டு மடங்காகியிருக்கிறது. கொடுக்க வேண்டிய பங்கு ஏறவே இல்லை. இது மனதில் பதிந்துவிட்டால் பாதி பாரம் இறங்கிவிடும்.

அடுத்தது அந்த 58 கிலோ. அது முழுக்க உங்களுடையதா? சிவதாபுரத்திலோ மணியனூரிலோ ஒரு பட்டறைக்குள் போய்ப் பாருங்கள். ஒரு மூலையில் கம்பி இழுக்கிறார்கள், இன்னொரு பக்கம் வளையம் வளையமாகக் கோத்துப் பற்றவைக்கிறார்கள், வாசலோரம் ஒரு அம்மா மடியில் தட்டை வைத்துக்கொண்டு சலங்கை கோக்கிறார். அந்த ஒரே அறையில் நான்கு பேருடைய வெள்ளி இருக்கும். எது யாருடையது என்று சிட்டையைப் பார்த்தால்தான் தெரியும். நீங்கள் தொலைபேசியில் விவரம் சொன்னபோது, வெளியூர்க் கடைக்காரர் ஒருவர் கூலிக்குச் செய்யச் சொல்லிக் கொடுத்த 10 கிலோவும் இந்த 58-க்குள் இருப்பது தெரிந்தது. அது அமானத், உங்களை நம்பி ஒப்படைத்த பொருள். அதற்கு ஜகாத் கொடுக்க வேண்டியவர் அவர். கழித்துவிடுங்கள், 48. கட்டி வியாபாரியிடம் கடனாக வாங்கி இன்னும் திருப்பாத 8 கிலோவும் உங்களுடையது அல்ல. ஹனஃபி முறையில் அந்தக் கடனைக் கழித்த பிறகுதான் ஜகாத். ஆக 40 கிலோ. நாற்பதில் ஒரு பங்கு, ஒரு கிலோ. மகன் போட்ட கணக்குப்படி ஒன்றரைக் கிலோவுக்கு அருகில் வந்திருக்கும்.

சேர்க்க மறந்ததும் ஒன்று இருக்கிறது. பட்டறையைக் கூட்டிச் சேர்த்து வைத்திருக்கும் தூளில் உள்ள வெள்ளி. அதை உருக்கி எடுப்பவருக்கு விற்கிறீர்கள் அல்லவா? அப்படியானால் அதுவும் சரக்குதான், எடை பார்த்து இந்தக் கணக்கோடு சேர்த்துக்கொள்ளுங்கள். கம்பி மெஷின், தராசு, கடைக் கட்டடம், டெலிவரி வண்டி எதற்கும் ஜகாத் கிடையாது. கொலுசுக்குக் கூலியாக ஏறியிருக்கும் மதிப்பையும் சேர்க்க வேண்டுமா என்பதை மட்டும் ஹஜ்ரத்திடம் கேளுங்கள். விற்பனைச் சரக்கை, அடக்க விலைக்கு இல்லாமல், ஜகாத் தேதியன்று மொத்தமாக விற்றால் என்ன கிடைக்குமோ அந்த விலைக்கு மதிப்பிடுவதுதான் பொதுவான முறை.

இந்த 40 கிலோவில் 12 கிலோ வெளியூர்க் கடைகளிலிருந்து இன்னும் திரும்பி வராத பாக்கி என்றும் சொன்னீர்கள். நல்ல பார்ட்டி, கண்டிப்பாக வரும் என்றால் அதற்கும் ஜகாத் உண்டு. ஆனால் கைக்கு வந்த பிறகு கொடுக்க ஹனஃபி சட்டத்தில் இடம் இருக்கிறது. வரும்போது கடந்துபோன வருஷங்களுக்கும் சேர்த்துக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். எனவே உடனடியாகக் கொடுக்க வேண்டியது 28 கிலோவுக்கு, அதாவது 700 கிராம். மீதி 300 கிராமைச் சிட்டையில் தனியாக எழுதி வையுங்கள். எழுதாவிட்டால் மறந்துபோகும். கடனை எழுதி வைக்கச் சொல்லும் குர்ஆன் வசனம்தான் (2:282) அதிலுள்ள வசனங்களிலேயே நீளமானது. கடை நோட்டில் கை வைக்கும் ஒவ்வொருவருக்கும் நான் இதைச் சொல்வது வழக்கம்.

ரூபாய்க் கணக்கு தனி. கையிருப்பு, பேங்க் இருப்பு, வரவேண்டிய கூலி ஒரு பக்கம். பட்டறைகளுக்குக் கொடுக்க வேண்டிய கூலியும் ஓடி அசலும் மறுபக்கம். உங்கள் கணக்கில் இரண்டும் ஏறக்குறைய நேராகிவிடுகின்றன.

இனி ஓடி. தயவுசெய்து அதில் எடுத்துக் கொடுக்காதீர்கள். ஒரு கடமையைச் செய்ய வட்டிக்குள் இன்னும் ஒரு அடி இறங்குவதில் அர்த்தமே இல்லை. 700 கிராம் வெள்ளியை விற்றால் முடிந்தது. கொலுசாகவே ஏழைகளுக்குக் கொடுத்துவிடலாமே என்று தோன்றும், சட்டப்படி அது தப்பும் இல்லை. ஆனால் வாங்கியவர் அவசரத்துக்கு அதை விற்கப் போனால் பழைய வெள்ளி விலைதான் கிடைக்கும், அந்த நஷ்டம் அவர் தலையில் விழும். தவிர, சரக்கை இலவசமாகக் கொடுத்தால், அதை வாங்கும்போது கட்டிப் பிறகு கழித்துக்கொண்ட ஜிஎஸ்டியை (உள்ளீட்டு வரி) அரசுக்குத் திருப்ப வேண்டும். விற்றுப் பணமாகக் கொடுங்கள்.

அடுத்த வருஷம் இந்த நெருக்கடியே வேண்டாம். நிஸாப் அளவு (ஜகாத் கடமையாகும் குறைந்தபட்ச அளவு) சொத்து உள்ளவர் ஜகாத்தை முன்கூட்டியே கொடுக்கலாம். நபிகள் நாயகம் (ஸல்) தம் சிறிய தந்தை அப்பாஸ் (ரலி) அவர்களுக்கு அப்படி அனுமதி தந்ததாக ஹதீஸ் இருக்கிறது. மாதம் 80, 85 கிராம் வெள்ளியின் விலையை ஜகாத் என்ற நிய்யத்தோடு (மனதில் உறுதியான எண்ணத்தோடு) கொடுத்து வந்தால் வருஷத்தில் ஒரு கிலோ ஆகிவிடும். ரமலானில் மீண்டும் எடை போட்டு, குறைந்ததைச் சேர்த்துக் கொடுத்தால் போதும். என் அனுபவத்தில் வியாபாரிகளுக்கு இதைப்போல ஒத்துவரும் வழி வேறில்லை. வாங்குபவருக்கும் நல்லது. ரமலானில் மட்டும் கை நிறைந்து மற்ற மாதங்களில் வாடகைக்குத் திண்டாடும் குடும்பங்கள் எத்தனை!

தேதியையும் முடிவு செய்துவிடுங்கள். ஆடிட்டர் மார்ச் 31-இல் கணக்கை முடிக்கிறாரே, அதையே வைத்துக்கொள்ளலாமா என்று மகன் கேட்டாராம். ஜகாத்துக்குரியது பிறை வருஷம். அது சுமார் 354 நாள். சூரிய வருஷத்தில் கணக்கிட்டால் 11 நாள் கூடிவிடும் என்பதால் இரண்டரை சதவீதத்துக்குப் பதில் சுமார் 2.58 சதவீதம் என்று கொடுக்கச் சொல்வார்கள். ரமலான் முதல் பிறை என்று வைத்துக்கொள்வது உங்களுக்கு எளிது.

சேவிங்ஸ் வட்டியை ஜகாத்தாகக் கொடுக்கலாமா என்ற கேள்விக்குப் பதில், கூடாது. ஜகாத் உங்கள் சொந்த, ஆகுமான பொருளிலிருந்து போக வேண்டும். வட்டி உங்கள் பொருளே இல்லை என்பதுதான் மார்க்கத்தின் பார்வை. குர்ஆனின் அர்ரூம் அத்தியாயத்தின் 39-ஆவது வசனம் வட்டியையும் ஜகாத்தையும் எதிரெதிரே நிறுத்துகிறது. வட்டி அல்லாஹ்விடம் பெருகுவதில்லை, அவன் திருமுகத்தை நாடிக் கொடுக்கும் ஜகாத் பன்மடங்காகிறது. இரண்டையும் ஒரே கவரில் போட முடியாது. வட்டித் தொகையைத் தனியே எடுத்து, நன்மையை எதிர்பார்க்காமல் ஏழைகளுக்குக் கொடுத்துக் கையைக் கழுவிவிடுங்கள். பெரும்பாலான ஆலிம்கள் சொல்வது இதைத்தான். அப்புறம், வியாபாரப் பணம் ஏன் சேவிங்ஸில் கிடக்கிறது? வட்டியே விழாத கரண்ட் அக்கவுன்ட்டுக்கு மாற்றிவிடுங்கள்.

இதுவரை தோராயமாகக் கொடுத்த வருஷங்கள் இருக்கின்றனவே, அவற்றைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. நான் கேட்காமல் விட மாட்டேன். ஓடிக்காக மாதாமாதம் பேங்க்குக்கு ஸ்டாக் ஸ்டேட்மென்ட் கொடுத்திருப்பீர்கள். ஒவ்வொரு ரமலானிலும் எத்தனை கிலோ இருந்தது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. எடுத்து, கொடுத்ததைக் கழித்து, பாக்கி எவ்வளவு என்று பாருங்கள். அந்த நிலுவையை எந்த நாள் விலைக்குக் கொடுப்பது, எத்தனை தவணையில் தீர்ப்பது என்பதை ஹஜ்ரத் சொல்வார். வெட்கப்படாமல் கேளுங்கள். வீட்டில் மனைவிக்குச் சொந்தமான நகை இருந்தால் அதன் ஜகாத் அவருடைய கடமை, உங்கள் கணக்கில் கலக்காது. ஹனஃபியில் அணியும் நகைக்கும் ஜகாத் உண்டு. தங்கம் மட்டும் என்றால் 87.48 கிராம், அதாவது 11 பவுனுக்குக் கொஞ்சம் குறைவாக இருந்தாலே தொடங்கிவிடும்.

கடை வாசலில் வரிசையில் நிற்பவர்களுக்குச் சில்லறையாகப் பிரித்துக் கொடுப்பதைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்பது என் ஆசை. குர்ஆன் 9:60 எட்டு வகையினரைச் சொல்கிறது. அதில் ஏழையும் கடனாளியும் உங்கள் பட்டறைகளிலேயே இருப்பார்கள். கொலுசு பற்றவைத்தே கண் மங்கிப்போன ஒரு தொழிலாளியின் கடனை ஒரே வருஷத்தில் அடைத்துவிடலாம். ஒன்று மட்டும் கவனம்: அது சம்பளமாகவோ போனஸாகவோ ஆகிவிடக் கூடாது. கொடுத்தே ஆக வேண்டிய போனஸை ஜகாத்தில் கழிப்பது, நம் கடனை நாமே தள்ளுபடி செய்துகொள்வது மாதிரி. பிற சமயத்துத் தொழிலாளிகளுக்கு ஸதகாவாக, அதாவது விரும்பிச் செய்யும் தர்மமாகத் தாராளமாகக் கொடுங்கள், அதற்கு எல்லையே கிடையாது.

உங்கள் அக்காவுக்குக் கண்டிப்பாகச் சேரும். உறவில் பெற்றோர், பாட்டன் பாட்டி, பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், மனைவிக்குத்தான் கூடாது. உடன்பிறந்தவர் நிஸாப் அளவுக்குச் சொத்து இல்லாதவராக இருந்தால் அவருக்குக் கொடுப்பதில் தர்மத்தின் நன்மை ஒன்று, உறவைச் சேர்த்த நன்மை ஒன்று என்று இரண்டு கிடைப்பதாக ஹதீஸ் சொல்கிறது. "ஜகாத்" என்று அவரிடம் சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை, கொடுக்கும்போது உங்கள் மனதில் நிய்யத் இருந்தால் போதும். அக்காவுடைய பேரனின் ஸ்கூல் ஃபீஸை நீங்களே நேராகப் போய்க் கட்டிவிடாதீர்கள். பணம் அக்காவின் கைக்குப் போய் அவருக்குச் சொந்தமாக வேண்டும். ஃபீஸ் கட்டுவதா, கூரையைச் சரி செய்வதா என்பதை அவர் பார்த்துக்கொள்வார்.