மொத்தமாகக் கொடுத்துவிடலாமா?

கேள்வி: என் அப்பா நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கிரிக்கெட் புத்தகங்களையும் நினைவுப் பொருட்களையும் சேர்த்துவந்தார். சென்ற ஆண்டு காலமாகிவிட்டார். மூன்று அலமாரி நிறையப் புத்தகங்கள்; அவற்றில் மஞ்சள் அட்டை போட்ட விஸ்டன் என்ற ஆண்டுமலர்கள் மட்டுமே ஒரு நீண்ட வரிசை. தவிர, பல கையெழுத்துகள் உள்ள ஒரு மட்டை, சான்றிதழோடு ஒரு பந்து, கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு தொப்பி, ஒரு பெட்டி கொள்ளாத ஸ்கோர் அட்டைகள், டிக்கெட்டுகள். பழம்புத்தக வியாபாரி ஒருவர் வந்து பார்த்துவிட்டு எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு தொகை சொன்னார். மாதக் கடைசிக்குள் பதில் வேண்டுமாம். தம்பி கொடுத்துவிடலாம் என்கிறான். அம்மா ஒன்றும் சொல்லாமல் இருக்கிறார். எங்களில் யாருக்கும் கிரிக்கெட் தெரியாது. இவற்றில் எது விலை போகும்? விற்பதற்கு முன் துடைத்து, கிழிந்ததை ஒட்டி வைக்கலாமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: துடைக்க வேண்டாம், ஒட்டவும் வேண்டாம். கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மற்ற முடிவுகளை நாளைக்கு மாற்றிக்கொள்ளலாம். ஈரத் துணி பட்ட பழைய காகித அட்டையை மீட்க முடியாது. செல்லோடேப்பின் பசை சில ஆண்டுகளில் பழுப்பாகிக் காகிதத்துக்குள்ளேயே இறங்கிவிடும். மட்டைக்கு எண்ணெய் தடவும் பழக்கம் ஆடுகிறவர்களுக்கு உரியது. கையெழுத்துள்ள மட்டையில் தடவினால் மை கலைந்து பரவும். லேமினேட் செய்த ஸ்கோர் அட்டையைச் சேகரிப்பாளர் கையால் தொடமாட்டார். மென்மையான தூரிகையால் தூசியைத் தட்டுங்கள், ரப்பர் பேண்டுகளையும் துருப்பிடித்த குண்டூசிகளையும் மெல்ல எடுத்துவிடுங்கள், வெயில் படாத, ஈரம் ஏறாத இடத்தில் வையுங்கள். ராமபாணப் பூச்சி தென்பட்டால் அந்தப் புத்தகத்தை மட்டும் தனியே பிரித்து வையுங்கள். அவ்வளவு போதும்.

இனி அந்த வியாபாரி. அவரை ஏமாற்றுக்காரர் என்று நினைக்க எனக்குக் காரணம் எதுவும் இல்லை. தான் விற்கப்போகும் விலையை விட நன்றாகக் குறைத்துத்தான் எந்த வியாபாரியும் வாங்குவார். மூன்று அலமாரியில் முக்கால்வாசி ஆண்டுக்கணக்கில் அவர் கடையில் தூங்கும், அந்தச் சுமையும் அவருடையது. ஆனால் பட்டியல் இல்லாத ஒரு சேகரிப்புக்கு ஒரே தொகை சொல்லப்படும்போது, அது பெரும்பாலும் நாலைந்து பொருட்களை மனத்தில் வைத்துச் சொன்ன தொகையாக இருக்கும். எந்த நாலைந்து என்பது அவருக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியாது. அந்த இடைவெளியில்தான் அடிமாட்டு விலை பிறக்கிறது. மாதக் கடைசி என்பது அவர் வசதிக்குச் சொன்ன கெடு. பட்டியல் முடிந்ததும் சொல்கிறோம் என்று மரியாதையாகச் சொல்லிவிடுங்கள். உண்மையாகவே வாங்க விரும்புகிறவர் காத்திருப்பார்.

பட்டியல் என்றால் வெறும் தலைப்புகளை எழுதுவது அல்ல. புத்தகமானால் ஆசிரியர், பதிப்பாண்டு, மேலுறை (அட்டையைச் சுற்றியிருக்கும் காகித உறை) இருக்கிறதா, பக்கங்களோ படங்களோ குறைகின்றனவா, உள்ளே யாராவது எழுதியிருக்கிறார்களா என்பவை வேண்டும். எல்லாவற்றையும் விட முக்கியமானது, அந்தப் பொருள் எப்படி உங்கள் வீட்டுக்கு வந்தது என்பது. இதற்கு நீங்கள் போக வேண்டியது அம்மாவிடம். நாற்பது ஆண்டுகள் அந்த வீட்டில் இருந்தவர் அவர். எந்தப் பொட்டலம் எப்போது வந்தது, எந்த நண்பர் எந்தப் பயணத்திலிருந்து மட்டையைக் கொண்டுவந்தார், எதற்காக வீட்டில் சண்டை நடந்தது என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். அவர் பேசாமல் இருப்பதற்கு, யாரும் கேட்காததுகூடக் காரணமாக இருக்கலாம். சொல்வதைத் தேதியோடு எழுதி, அவர் கையெழுத்தையும் வாங்கிவையுங்கள். பழைய ரசீது, கடிதம், அஞ்சல் உறை, அப்பா அந்தப் பொருளோடு நிற்கும் புகைப்படம் என எது கிடைத்தாலும் எறியாதீர்கள். மட்டையையும் பந்தையும் தொப்பியையும் பொறுத்தவரை, விலையில் பெரும்பகுதி இந்தக் காகிதங்களுக்குத்தான்.

மிகையாகத் தோன்றினால் ஒரு பந்தின் கதையைச் சொல்கிறேன். 1968 ஆகஸ்ட் 31 அன்று வேல்ஸிலுள்ள ஸ்வான்சியில் மால்கம் நாஷ் வீசிய ஒரே ஓவரில், மேற்கிந்தியத் தீவுகளின் ஆட்டக்காரர் கேரி சோபர்ஸ் ஆறு சிக்ஸர் அடித்தார். அந்த ஓவரின் பந்து என்று சொல்லப்பட்ட ஒன்று 2006இல் லண்டனில் 26,400 பவுண்டுக்கு ஏலம் போனது. ஏலம் போனது டியூக் நிறுவனத்தின் பந்து. அன்று தாங்கள் பயன்படுத்தியது சர்ரிட்ஜ் நிறுவனத்தின் பந்து என்று, வீசிய நாஷே சொன்னார். சர்ச்சை வெடித்தது. பந்தில் பொய் இல்லை, அது நிஜமான பழைய பந்துதான். அந்த ஓவரோடு அதை இணைத்த சங்கிலியில்தான் கண்ணி விட்டுப்போயிருந்தது. ஆகவே உங்கள் பந்தோடு இருக்கும் சான்றிதழை எடுத்துப் படியுங்கள். யார் எழுதியது, எப்போது எழுதியது, எழுதியவர் அன்று மைதானத்தில் இருந்தவரா, பந்தின் மேலுள்ள முத்திரையோடு சான்றிதழ் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். பளபளப்பான தாளில் தங்க நிற முத்திரையோடு யார் வேண்டுமானாலும் சான்றிதழ் அச்சிடலாம்.

தொப்பிக்கும் இதே விதி. ரசிகர்களுக்காகக் கடைகளில் விற்கப்படும் நகல் தொப்பிகள் ஏராளம். ஆட்டக்காரர் அணிந்ததானால் உட்புறத்தில் பெயரோ வியர்வைக் கறையோ இருக்க வாய்ப்புண்டு; தையலும் சின்னமும் அந்தக் காலப் புகைப்படங்களோடு பொருந்த வேண்டும். அந்தக் கறையைத் துவைத்துவிடாதீர்கள்! சட்டத்தின் பின்பக்க அட்டையில் ஏதாவது எழுதியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

விஸ்டனைப் பற்றி நீங்கள் ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள். நான் கொஞ்சம் அதிகமாகவே எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்துப் பந்துவீச்சாளர் ஜான் விஸ்டன் 1864இல் தொடங்கிய ஆண்டுமலர் இது. முதல் இதழ் 112 பக்கம், விலை ஒரு ஷில்லிங். ஆட்ட விவரங்களுக்கு நடுவே கால்வாய்களின் நீளமும் டெர்பி குதிரைப் பந்தயத்தில் வென்ற குதிரைகளின் பட்டியலும்கூட அதில் உண்டு. 19ஆம் நூற்றாண்டு இதழ்கள் அரிதானவை, விலை உயர்ந்தவை. அப்படி ஒன்று உங்கள் அலமாரியில் இருந்தால் குதிப்பதற்கு முன், அது பின்னாளில் அச்சு அசலாக எடுத்த மறுபதிப்பா என்று பாருங்கள். பழைய இதழ்கள் அப்படிப் பலமுறை வந்திருக்கின்றன. காகிதம் வெள்ளையாகவும் முதுகு புத்தம் புதிதாகவும் இருந்தால் சந்தேகப்படுங்கள். பெரும்பாலும் முன்பக்கங்களில் எங்காவது சிறிய எழுத்தில் மறுபதிப்பு விவரம் இருக்கும்.

1896 முதல் கெட்டி அட்டைப் பதிப்பும் சேர்ந்து வந்தது. பழைய ஆண்டுகளில் அதே ஆண்டின் காகித அட்டைப் பிரதியை விட அசல் கெட்டி அட்டைப் பிரதிக்கு மதிப்பு அதிகம். சிக்கல் எங்கே என்றால், காகித அட்டைப் பிரதியை வாங்கியவர்கள் தாங்களே பைண்டிங் செய்துகொண்டார்கள். அப்படிச் செய்யும்போது முன் அட்டை, பின் அட்டை, விளம்பரப் பக்கங்களைக் கழித்துக் கட்டியவர்கள் பலர். தோலில் தங்க எழுத்து மின்னும் அந்தப் பிரதி கண்ணுக்கு அழகாக இருக்கும், ஆனால் கசங்கிய அசல் அட்டையோடு இருக்கும் பிரதிக்கே சேகரிப்பாளர் கூடுதலாகக் கொடுப்பார். 1889 இதழில் ஆறு பந்துவீச்சாளர்களின் புகைப்படம் வந்ததிலிருந்து படம் அச்சிட்ட தனித் தாள் வழக்கமாயிற்று. அந்தத் தாளை யாராவது உருவியிருந்தால் விலை இறங்கும்.

ஆண்டுகளிலும் ஏற்றத்தாழ்வு உண்டு. 1916 இதழ் மெலிந்தது, போர்க்காலத்தது. முந்தைய ஆண்டில் இறந்த புகழ்பெற்ற மட்டையாளர்கள் இங்கிலாந்தின் டபிள்யூ.ஜி. கிரேஸ், ஆஸ்திரேலியாவின் விக்டர் ட்ரம்பர் இருவரின் நினைவுக் குறிப்புகளும் போரில் மாண்ட ஆட்டக்காரர்களின் பட்டியலும் அதில் இருப்பதால் அன்றும் தேடினார்கள், இன்றும் தேடுகிறார்கள். இரண்டாம் உலகப் போர் ஆண்டுகளில் காகிதத் தட்டுப்பாட்டால் குறைவாக அச்சிட்டார்கள். அந்த இதழ்களும் எளிதில் கிடைப்பதில்லை. நீங்கள் சொல்லும் பளிச்சென்ற மஞ்சள் துணி அட்டை 1938இல் வந்தது. 1965 முதல் கெட்டி அட்டைப் பிரதிகளுக்கு மேலுறை உண்டு. மேலுறை இல்லாத பிரதியின் விலை கணிசமாகக் குறையும். 1970களுக்குப் பிந்தையவை தாராளமாகக் கிடைக்கின்றன. நீண்ட மஞ்சள் வரிசையைப் பார்த்து மலைத்துவிடாதீர்கள். அதில் பெரும்பகுதி எளிய விலைக்குத்தான் போகும், நடுவே நாலைந்து இதழ்கள் மற்ற எல்லாவற்றையும் சேர்த்த விலைக்கு நிகராகலாம். அவற்றை உருவி விற்றால் மீதி தேங்கிவிடும் என்பதால், வரிசையைப் பிரிப்பதா வேண்டாமா என்பதைப் பட்டியல் முடிந்த பிறகு முடிவு செய்யுங்கள்.

மற்ற புத்தகங்களில், சமீபத்திய ஆட்டக்காரர்களின் சுயசரிதைகள் அநேகமாக வேறொருவர் எழுதிக்கொடுத்து, லட்சக்கணக்கில் இல்லாவிட்டாலும் ஆயிரக்கணக்கில் அச்சானவை. படிக்கலாம், பணம் வராது. ரஞ்சித்சிங்ஜி 1897இல் எழுதிய 'ஜூபிலி புக் ஆஃப் கிரிக்கெட்' போன்றவை வேறு ரகம்: சாதாரணப் பிரதி பரவலாகவே புழங்குகிறது, எண் இட்டு அவர் கையெழுத்திட்ட சிறப்புப் பிரதிக்குத்தான் போட்டி. ஆனால் குண்டுப் புத்தகங்களில் மட்டும் தேடாதீர்கள். ஒரு சிறு கிளப்பின் வரலாறு, ஓய்வு பெறும் ஆட்டக்காரருக்கு நிதி திரட்ட அச்சிட்ட மலர், சுற்றுப்பயணக் கையேடு என இருபது பக்கத்தில் ஸ்டேபிள் அடித்த சமாச்சாரங்களைத்தான் எல்லாரும் குப்பையில் போட்டார்கள். அதனாலேயே அவை அரிதாகிவிட்டன. பேட்விக் என்பவர் தொகுத்த கிரிக்கெட் நூற்பட்டியல் 1977இல் வந்து 1984இல் திருத்தப்பட்டது. சேகரிப்பாளர்கள் புத்தகத்தை அதில் உள்ள எண்ணைச் சொல்லியே பேசிக்கொள்வார்கள். அவர் காலத்தில் வெளியாகியும் அவர் பட்டியலில் இடம்பெறாத துண்டுப்பிரசுரம் ஒன்று உங்கள் பெட்டியில் இருந்தால், வாங்குகிறவர் கண் விரியும்.

அதே காரணத்தால் ஸ்கோர் அட்டை, டிக்கெட் பெட்டியையும் தம்பி எடைக்குப் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்தில் சிகரெட் பெட்டிக்குள் இணைப்பாக வந்த கிரிக்கெட் வீரர் படங்கள் அதில் இருந்தால் அவற்றில் பெரிய எதிர்பார்ப்பு வேண்டாம். பிளேயர்ஸ் சிகரெட் நிறுவனம் 1934, 1938 ஆண்டுகளில் வெளியிட்ட ஐம்பது படத் தொகுதிகள் இன்றும் சுலபமாகக் கிடைப்பவை.

மட்டையிலுள்ள கையெழுத்துகளை உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். எல்லாம் ஒரே நிறத்தில், ஒரே அழுத்தத்தில், சிறு புள்ளிகளாகத் தெரிந்தால் அச்சிட்டவை. பேனா எழுத்தானால் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இடத்தில் மை தடித்திருக்கும். பேனாவே சாட்சி சொல்லும்: பால்பாயின்ட் பேனா 1940களின் பிற்பகுதியில்தான் பரவியது, மார்க்கர் 1960களில். 1915இல் இறந்த கிரேஸ் பால்பாயின்ட்டில் கையெழுத்திட்டிருந்தால் அது அதிசயம்தான். அணியினர் எல்லாரும் கையெழுத்திடும் தாள்களில் சக ஆட்டக்காரருக்காக இன்னொருவர் கையெழுத்துப் போட்டுக்கொடுப்பதும் நடந்ததுண்டு. பெரிய பெயர் என்றாலே பெரிய விலை என்றும் இல்லை. ஆஸ்திரேலிய மட்டையாளர் பிராட்மன் தமக்கு வந்த கடிதங்களுக்குப் பதில் எழுதிக்கொண்டே இருந்தவர். அவர் கையெழுத்து ஏராளமாகப் புழக்கத்தில் இருக்கிறது. அற்பாயுளில் போன ட்ரம்பரின் கையெழுத்தோ அபூர்வம்.

தம்பி இணையத்தில் தேடி, ஆஸ்திரேலியப் பந்துவீச்சாளர் ஷேன் வார்னின் தொப்பி 2020இல் பத்து லட்சம் ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் போனது, தோனி 2011 உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் ஆடிய மட்டை ஒரு லட்சம் பவுண்டுக்குப் போனது என்று காட்டக்கூடும். இரண்டும் நிதி திரட்டும் ஏலங்கள். பொருளைக் கொடுத்தவர் அதை அணிந்தவரும் ஆடியவருமே. கொடை உள்ளம் கொடுத்த விலையைச் சந்தை விலையாக எடுத்துக்கொள்ளக் கூடாது. விற்பனைக்கு வைத்திருக்கும் பொருளின்மேல் ஒட்டியுள்ள விலையும் அப்படித்தான், அது ஆசை மட்டுமே. ஏலங்களில் உண்மையில் விற்று முடிந்த விலைகளைப் பாருங்கள்.

என் யோசனை இது. விஸ்டன்களில் தேறியவை, மட்டை, பந்து, தொப்பி ஆகியவற்றைக் கிரிக்கெட் பொருட்களுக்கென்றே ஏலம் நடத்துபவரிடம் காட்டுங்கள். குறைந்தது இருவரிடமாவது விலை கேளுங்கள். விற்பவரிடம் எத்தனை சதவீதம் கமிஷன், படம் எடுக்கவும் காப்பீட்டுக்கும் தனியாகப் பிடிப்பார்களா, விற்காமல் திரும்பினால் கட்டணம் உண்டா, குறைந்தபட்ச விலை நிர்ணயிக்கலாமா என்பதை எழுத்தில் வாங்குங்கள். மீதிப் புத்தகங்களை அதே வியாபாரியிடம், இந்த முறை பட்டியலோடு, பேசுங்கள். நல்லவை போன பிறகு அவர் ஆர்வம் குறையும், தொகையும் குறையும். அதைக் கணக்கில் வைத்துத்தான் சொல்கிறேன். அம்மா தனக்கு வேண்டும் என்று எதைக் கேட்டாலும், அது மிக விலையுயர்ந்த இதழாகவே இருந்தாலும், அதைப் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள்.

நேரடியாக விற்பவற்றில் பணம் கைக்கு வராமல் எதுவும் வாசலைத் தாண்ட வேண்டாம். ஏலத்துக்கு அனுப்புவதற்கு முன் ஒவ்வொன்றையும் நாலு பக்கமும் படம் எடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ரசீது வாங்குங்கள். சான்றுக் காகிதங்களில் நகலை மட்டும் முதலில் கொடுங்கள், அசல் காகிதம் பொருள் போகும்போது அதோடு போகட்டும். தொப்பியைச் சட்டத்தோடு அனுப்புவதானால் கண்ணாடிமேல் குறுக்கும் நெடுக்குமாகக் காகித டேப் ஒட்டுங்கள். வழியில் உடைந்தாலும் சில்லுகள் சிதறித் துணியைக் கிழிக்காது.