லாபம் கூடியது, பங்கு ஏன் விழுந்தது?

தண்டையார்பேட்டையில் மின்சாமான் கடை வைத்திருக்கும் வாசகர் கேட்கிறார்: “ஏலச்சீட்டு எடுத்து வந்த 2 லட்சத்தில் 80,000 ரூபாய்க்கு ஒரு பெரிய ஐ.டி. நிறுவனப் பங்குகளை, காலாண்டு முடிவு வருவதற்கு முந்தைய நாள் வாங்கினேன். லாபம் கூடியதாகத்தான் செய்தி வந்தது. மறுநாள் பங்கு 6 சதவீதம் இறங்கிவிட்டது. அன்று நிஃப்டி ஏறியது! மீதிப் பணத்தையும் போட்டுச் சராசரி விலையைக் குறைக்கலாமா? ஆப்ஷன் வாங்கச் சொல்கிறார் நண்பர். அடுத்த மாதம் மகளின் கல்லூரிக் கட்டணம் 90,000 கட்ட வேண்டும்.”

ஐயா, உங்கள் கடைசி வரியில் இருந்தே தொடங்குகிறேன். கட்டணப் பணம் 90,000 வங்கியிலேயே இருக்கட்டும். மிஞ்சுவது 30,000. எடுத்த சீட்டுக்குத் தவணையும் பாக்கி இருக்குமே? ஏலத்தில் தள்ளிக் கொடுத்த தொகைதான் நீங்கள் கட்டிய வட்டி. கணக்குப் பார்த்தால் இது கடன் பணம். இதை வைத்துச் சராசரி செய்ய வேண்டாம்.

இனி பங்கு விழுந்த கதை. மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 14-இல் முடிந்த பிறகு வரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியலில் காசிமேட்டுக்குப் போயிருப்பீர்கள். படகுகள் நிறைய மீனோடு வந்திருக்கும்; வஞ்சிரம் விலை மட்டும் அசையாது. மலிவாகக் கிடைக்கும் என்று நினைத்துப் பாதி வட சென்னை அங்கே கூடையோடு நிற்பதுதான் காரணம். பங்குச் சந்தையிலும் நல்ல முடிவு வரும் என்று நினைத்தவர்கள் உங்களுக்கு முன்பே வாங்கி, விலையை ஏற்றி வைத்திருந்தார்கள். வந்த முடிவு நல்லதுதான், ஆனால் அவர்கள் நினைத்த அளவுக்கு இல்லை.

இன்ஃபோசிஸ் பங்கு 2013 ஜனவரி 11 அன்று ஒரே நாளில் சுமார் 17 சதவீதம் ஏறியது. மூன்று மாதம் கழித்து, ஏப்ரல் 12 அன்று சுமார் 21 சதவீதம் சரிந்தது. அந்தக் காலாண்டிலும் லாபம் முந்தைய ஆண்டைவிடக் கூடுதல்தான். அடுத்த ஆண்டு வருவாய் எவ்வளவு வளரும் என்று நிறுவனம் சொன்ன கணிப்பு சந்தைக்குப் போதவில்லை.

ஐ.டி. நிறுவன முடிவில் தலைப்புச் செய்தியாக வரும் லாபத்தை நான் கடைசியாகத்தான் பார்ப்பேன். முதலில் பார்ப்பது, நாணய மாற்ற விளைவை நீக்கிய வருவாய் வளர்ச்சி. ஒரு நிறுவனம் 10 கோடி டாலர் சம்பாதிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். டாலர் 83 ரூபாயாக இருந்தால் 830 கோடி. 86 ஆனால் 860 கோடி. ஒரு மணி நேர வேலைகூடக் கூடவில்லை, வருவாய் மட்டும் 3.6 சதவீதம் “வளர்ந்துவிட்டது”. அடுத்து, புதிதாகக் கையெழுத்தான ஒப்பந்தங்களின் மதிப்பு, இயக்க லாப விகிதம் (வருவாயில் தொழில் நடத்தும் செலவு போக மிஞ்சும் சதவீதம்), வரும் மாதங்களைப் பற்றி நிர்வாகம் பேசும் தொனி. அக்டோபர்–டிசம்பர் பொதுவாகவே மந்தமான காலாண்டு; ஆண்டிறுதி விடுமுறையில் அமெரிக்க வாடிக்கையாளர்களின் வேலை குறையும். அதை ஜூலை–செப்டம்பரோடு ஒப்பிட்டுப் பயப்படாதீர்கள், முந்தைய டிசம்பரோடு ஒப்பிடுங்கள்.

நிஃப்டி ஏறியதில் வியப்பில்லை. அது 50 பெரிய நிறுவனங்களின் பங்குகளைச் சேர்த்துக் கணக்கிடும் குறியீடு. அதன் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வங்கி, நிதி நிறுவனங்கள். அவை ஏறினால் ஐ.டி. விழுந்தாலும் குறியீடு மேலேதான் போகும்.

ஸ்டாப் லாஸ், அதாவது குறிப்பிட்ட விலைக்குக் கீழே இறங்கினால் தானாக விற்கும் ஆணை, போட்டிருந்தால் தப்பித்திருக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். பெரிய ஐ.டி. நிறுவனங்கள் பெரும்பாலும் மாலை 3.30-க்குச் சந்தை மூடிய பிறகே முடிவை வெளியிடுகின்றன. மறுநாள் காலை 9.15-க்குப் பங்கு நேராக 6 சதவீதம் கீழே தொடங்கினால், உங்கள் ஆணையும் அந்த விலையில்தான் நிறைவேறும். அல்லது விற்காமலே கிடக்கும்.

ஆப்ஷன் என்பது பங்கை வாங்காமல், அதன் விலை ஏறுமா இறங்குமா என்பதன் மேல் போடும் ஒப்பந்தம். அந்த யோசனைக்கு ஒரு வரி போதும்: 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று நிதியாண்டுகளில், ஃபியூச்சர் ஆப்ஷனில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் பணம் இழந்ததாகப் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபியின் ஆய்வு சொல்கிறது. நண்பருக்கும் காட்டுங்கள்.

கையில் இருக்கும் பங்கை என்ன செய்வது? முதலீட்டாளர்களுடன் நிர்வாகம் நடத்திய உரையாடலின் எழுத்து வடிவம் பங்குச் சந்தை இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கும். ஒரு மாலை கடை மூடிய பிறகு உட்கார்ந்து படியுங்கள். வளர்ச்சிக் கணிப்பைக் குறைத்து, லாப விகிதமும் சரிகிறது என்றால் விற்றுவிட்டு அந்தப் பணத்தைச் சீட்டுத் தவணைக்கு வைத்துக்கொள்ளுங்கள். நான் அதைத்தான் செய்வேன். வெறும் எதிர்பார்ப்புக் குறைவுதான் என்றால், மூன்று ஆண்டுகள் தொடத் தேவையில்லாத தொகையை மட்டும் விட்டுவைக்கலாம்.

இன்றைய விலையில் விற்றால் நஷ்டம் சுமார் 4,800 ரூபாய். வருமான வரிப் படிவத்தைக் கெடு தேதிக்குள் தாக்கல் செய்தால், இந்தக் குறுகிய கால மூலதன நஷ்டத்தை 8 ஆண்டுகள் வரை எடுத்துச் சென்று, பின்னால் பங்கில் வரும் லாபத்தோடு கழித்துக்கொள்ளலாம். கடைக் கணக்கு எழுதும் ஆடிட்டரிடம் டீமேட் (பங்குகள் இருக்கும் மின்னணுக் கணக்கு) அறிக்கையையும் சேர்த்துக் கொடுத்துவிடுங்கள்.