பதில்: ரோமரின் 'நீதிக் கதைகள்' – எண்ணும் ஆண்டும் ஏன் மாறுகின்றன? சப்டைட்டில் ஏன் முந்துகிறது?

பிரெஞ்சு இயக்குநர் எரிக் ரோமரின் 'நீதிக் கதைகள்' படங்கள் அடங்கிய பெட்டியில் கதை எண்ணும் வெளியான ஆண்டும் ஒத்துப்போகவில்லை, சப்டைட்டிலும் பேச்சுக்கு முந்துகிறது என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் பெட்டியில் தவறில்லை நண்பரே. 1962இல் எரிக் ரோமரும் பார்பெட் ஷ்ரோடரும் 'லே ஃபிலிம் து லோசான்ஜ்' படத் தயாரிப்பு நிறுவனத்தைத் தொடங்கியபோது கையில் பெரிய பணம் இல்லை. முதல் கதை 16 மி.மீ. கருப்பு வெள்ளை, சுமார் 23 நிமிடம்தான். நாயகனாக நடித்தவரே ஷ்ரோடர்! மூன்றாம் கதையான 'மா நுயி ஷே மோத்' கிறிஸ்துமஸ் காலத்தில் நடப்பது. நடிகர் திரெந்தின்யான் அப்போது கிடைக்காததால் படம் தள்ளிப்போய் 1969இல் வந்தது. நான்காம் கதை 'லா கொலெக்ஸியொனேஸ்' 1967இலேயே முந்திக்கொண்டது. எண் வரிசையில் பார்ப்பதா, ஆண்டு வரிசையிலா என்றால், என் ஓட்டு ஆண்டுக்கே. கைத்திறன் வளர்வது அதில்தான் தெரியும்.

சப்டைட்டில் விஷயம் வேறு. நிமிடத்துக்கு இரண்டரை வினாடி வீதம் முந்துகிறது என்கிறீர்கள். அப்படியானால் அது வினாடிக்கு 25 ஃபிரேம் (படச்சட்டம்) ஓடும் ஐரோப்பிய டிவிடிக்குச் செய்தது. உங்கள் படம் வினாடிக்கு 23.976 ஃபிரேமில் ஓடுவது. வி.எல்.சி. வீடியோ பிளேயரில் சப்டைட்டிலை நகர்த்தும் ஜி, ஹெச் விசைகளை அழுத்திப் பயனில்லை. அது எல்லா வசனங்களையும் மொத்தமாக நகர்த்துமே தவிர, இடைவெளியை இழுத்து நீட்டாது. 'சப்டைட்டில் எடிட்' மென்பொருளில் ஃபிரேம் வேகத்தை 25இலிருந்து 23.976க்கு மாற்றுங்கள். பிறகு முதல் வசனத்தைப் பேச்சோடு பொருத்தி, கடைசி வசனத்தையும் சரிபாருங்கள். நடுவில் திடீரென விலகினால் அது வேறு பதிப்புக்கான கோப்பு, தூக்கிப் போடுங்கள்.

பக்கவாட்டுக் கறுப்புப் பட்டையை டிவியில் ஜூம் செய்து நிரப்பாதீர்கள். தலை வெட்டுப்படும்.