வேகமெடுத்தால் மீன் காட்டும் திரை ஏன் கலங்குகிறது?

கேள்வி: 18 அடி பைபர் போட், 25 குதிரைவலு எஞ்சின் வைத்திருக்கிறேன். பிஷ் ஃபைண்டர் மெதுவாக ஓடும்போது நிலத்தைச் சரியாகக் காட்டுகிறது. வேகமெடுத்ததும் திரை முழுக்கக் கோடும் புள்ளியும்; ஆழத்தின் எண்ணும் மறைந்துவிடுகிறது. விற்ற கடையில் "இது உங்களுக்குக் காணாது, வலுக்கூடினதை எடுங்கோ" என்கிறார்கள். மாற்றத்தான் வேண்டுமா?
— வாசகர், குருநகர்

பதில்: காசைச் செலவழிக்காதீர்கள். மெதுவாக ஓடும்போது நிலம் சரியாகத் தெரிகிறதென்றால் கருவி நல்ல நிலையில்தான் இருக்கிறது. போட்டின் அடியில் ஒலியை அனுப்பி வாங்கும் ட்ரான்ஸ்டியூசர் பூட்டிய இடம்தான் பிழை. அது அனுப்பும் ஒலி நிலத்தில் பட்டுத் திரும்பி வரவேண்டும். நடுவில் காற்றுக் குமிழி புகுந்தால் அங்கேயே சிதறிவிடும். வேகம் கூடக்கூட போட்டின் அடியை ஒட்டி நுரை ஓடும். வலுக்கூடிய கருவியை வாங்கிப் பூட்டினாலும் அதுவும் அந்த நுரையைத்தான் பார்க்கும். பாக்கு விரிகுடாவில் பெரும்பாலான இடங்களில் ஆழம் 15 மீற்றருக்குள். அதற்கு 200 கிலோஹேர்ட்ஸ் ஒலி தாராளம். 50 கிலோஹேர்ட்ஸ் ஆழ்கடலுக்குப் போகிறவர்களுக்கு.

போட்டைக் கரையேற்றி அடியைப் பாருங்கள். நீளவாக்கில் ஓடும் வரம்பு, ஆணித்தலை, ஒட்டுப்போட்ட மேடு எதுவும் ட்ரான்ஸ்டியூசருக்கு நேர் முன்னால் இருக்கக்கூடாது. அவற்றின் பின்னால்தான் நுரை கிளம்பும். புரொப்பெலரிலிருந்து ஏறக்குறைய 40 சென்ரிமீற்றராவது விலகியிருக்கட்டும். பின்னால் நின்று பார்க்கும்போது புரொப்பெலர் வலஞ்சுழியாகச் சுற்றினால் வலப்பக்கம் பூட்டுங்கள். அங்கே இலைகள் கீழ்நோக்கிப் போகும், குமிழி குறைவு. வலை இழுப்பதும் அதே பக்கமென்றால் இழுக்கும் பக்கத்தை மாற்ற முடியுமா என்று யோசியுங்கள். வலையில் மாட்டி உடைவது சாதாரணமாக நடக்கிறது.

அடுத்தது உயரம். பைபர் அடிக்கு ட்ரான்ஸ்டியூசரின் முகம் அடிமட்டத்தைவிட 3 மில்லிமீற்றர் அளவு கீழே நிற்கவேண்டும். பலர் அடிமட்டத்துக்கு மேலே பூட்டிவிட்டு, "ஓடும்போது தண்ணீர் மூடும்தானே" என்கிறார்கள். வேகத்தில் பின்பலகையை விட்டுத் தண்ணீர் பிரிந்து போய்விடும், மூடாது. முகம் நீர்மட்டத்துக்குச் சமாந்தரமாக இருக்கட்டும். பின்விளிம்பு ஒரு மயிரளவு தாழ்ந்தால் பரவாயில்லை. முன்விளிம்பு தாழவே கூடாது. ஓட்டிப் பார்த்தும் திரை கலங்கினால் இன்னும் 3 மில்லிமீற்றர் இறக்குங்கள். பின்னால் தண்ணீர் வாலடித்துப் பீய்ச்சினால் அளவுக்கு மிஞ்சி இறக்கிவிட்டீர்கள். ஆழம் சரியாகத் தெரிந்தும் புள்ளி மட்டும் தூவினால், கேபிளை எஞ்சின் வயரிலிருந்து விலக்கிப் பாருங்கள். நீளம் கூடியதென்று அதை வெட்டவேண்டாம், சுருட்டி வையுங்கள்.

மணலில் போட்டை இழுத்தேற்றுகிறவர்களுக்கு, ட்ரான்ஸ்டியூசரைப் பூட்ட, இடித்தால் மேலே மடங்கும் தாங்கியே ஏற்றது. வாங்கும்போது இதைக் கேட்டு வாங்குங்கள், ரசீதையும் விடாதீர்கள். பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு முறையிடுவதென்றால் வாங்கி மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்கவேண்டும். ஆனால் பூட்டிய பிழைக்குக் கடையைக் குற்றம் சொல்ல முடியாது.

கேள்வி: பின்பலகையில் ஓட்டை போட மனமில்லை. ட்ரான்ஸ்டியூசரைப் போட்டின் உள்ளே ஒட்டலாமா?
— வாசகர், வல்வெட்டித்துறை

பதில்: அடி தனி பைபராக இருந்தால் ஒட்டலாம். நடுவில் பலகையோ ஃபோமோ இருந்தால் ஒலி ஊடுருவாது. பைபராக இருந்தாலும் ஒலியின் வலு கொஞ்சம் குறையும், தண்ணீரின் வெப்பநிலையும் சரியாகக் காட்டாது. ஒட்டுமுன் பொலித்தீன் பையில் தண்ணீர் நிரப்பி, ட்ரான்ஸ்டியூசரை அதற்குள் இறக்கி, பையைப் போட்டின் அடியின் உட்பக்கத்தில் அழுத்திப் பிடித்தபடி ஓட்டிப் பாருங்கள். வேகத்தில் எந்த இடத்தில் படம் கலங்காமல் நிற்கிறதோ அங்கே எப்பொக்சியால் ஒட்டுங்கள். பசைக்குள் ஒரு குமிழிகூட இருக்கக்கூடாது.