வைரப்பன், ராஜாஜி, சித்திரை மாதத்து வயல் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். 1930ஆம் ஆண்டு வேதாரண்யம் உப்புச் சத்தியாகிரகத்தை மையமாக வைத்து ராஜாஜியைப் பற்றித் தாங்கள் எழுதிய நூலை என் மகள் வாங்கிவந்து கொடுத்தாள். இரண்டு நாளில் படித்து முடித்தேன். நடை நன்றாக இருக்கிறது. ஆனால் நான் வேதாரண்யத்துக்குப் பக்கத்து ஆயக்காரன்புலத்துக்காரன். பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவன். என்னால் சில இடங்களைத் தாண்டிப் போக முடியவில்லை.

யாத்திரை கும்பகோணத்தைக் கடக்கும்போது இருபுறமும் நாற்று நடவு நடந்ததாகவும், வாய்க்கால்கள் கரைதொட்டு ஓடியதாகவும் எழுதியிருக்கிறீர்கள். சித்திரையில் ஏது ஐயா நடவு? கடைமடைக்காரனாகிய எனக்கு இது சிரிப்பை வரவழைத்தது. அடுத்து, சவரத் தொழிலாளி வைரப்பன் போலீஸ்காரரின் முகத்தைப் பாதி மழித்த நிலையில் எழுந்துபோன நிகழ்ச்சியைச் சொல்லி, அன்று மாலை ராஜாஜி அவர் தோளைத் தட்டிப் பாராட்டியதாக முடிக்கிறீர்கள். அப்போது ராஜாஜி சிறையில் அல்லவா இருந்தார்? வைரப்பன் நீதிமன்றத்தில் ஒரு பக்கத்துக்குப் பேசுகிறார். எங்கள் ஊர்ப்பக்கம் வழங்கும் கதையில் அவர் பேசியது ஒரே வரி.

தொண்டர்கள் 98 பேர் என்று அறுதியிட்டிருக்கிறீர்கள். வேறு எண்களையும் நான் படித்திருக்கிறேன். காமராஜரைக் கல்கத்தா அலிப்பூர் சிறைக்கு அனுப்பியிருக்கிறீர்கள். அது பெல்லாரி அலிப்புரம் அல்லவா? வழிநெடுக மரத்துக்கு மரம் சோற்றுப் பொட்டலம் தொங்கியது என்பதும் மிகையாகவே படுகிறது. மாணவர்கள் படிக்கும் நூல் என்பதால் எழுதுகிறேன். தவறாக எண்ண வேண்டாம்.

அன்புடன்,
ஒரு வாசகர், ஆயக்காரன்புலம்

அன்புள்ள ஐயா,

வணக்கம். தங்கள் கடிதம் வந்து ஒன்றரை மாதம் ஆகிறது. தாமதத்துக்குப் பொறுத்தருள வேண்டும். உடனே பதில் எழுதியிருந்தால் என் நூலுக்கு வக்காலத்து வாங்கியிருப்பேன் என்று தோன்றியதால்தான் கடிதத்தை மேசைமேல் வைத்துவிட்டு, நூலைத் திரும்பவும் முதலிலிருந்து படித்தேன்.

சிறியவற்றை முதலில் முடித்துவிடுகிறேன். அலிப்புரம் பற்றித் தாங்கள் சொல்வது முற்றிலும் சரி. பெல்லாரி அன்று சென்னை மாகாணத்தின் ஒரு மாவட்டம். அங்கிருந்த அலிப்புரம் சிறையில்தான் காமராஜர் அடைக்கப்பட்டு, 1931இல் காந்தி–இர்வின் ஒப்பந்தத்தையொட்டி விடுதலையானார். அலிப்பூர் என்ற பெயர் அரவிந்தர் வழக்கின் மூலம் என் மனத்தில் ஊன்றிப்போயிருந்தது. குறிப்பேட்டில் அலிப்புரம் என்று எழுதிவைத்திருந்ததையே நூலில் அலிப்பூர் என்று எழுதி, போதாக்குறைக்குக் கல்கத்தாவையும் சேர்த்திருக்கிறேன். வெட்கத்தோடு திருத்துகிறேன். எண்ணிக்கையைப் பொறுத்தவரை, 98, 100, 150க்கு மேல் என்று பலவிதமாக எழுதப்பட்டிருக்கிறது. ஏப்ரல் 13 அன்று திருச்சியில் டாக்டர் டி.எஸ்.எஸ். ராஜனின் வீட்டிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டுப் புறப்பட்டவர்கள் ஒரு கணக்கு. வழியில் சேர்ந்துகொண்டவர்களையும் கூட்டிச் சொல்வது இன்னொரு கணக்கு. நூறை ஒட்டிய எண்ணே புறப்பாட்டுக்குப் பொருந்துகிறது என்பது என் கருத்து. அதை என் கருத்தாகச் சொல்லியிருக்க வேண்டுமேயொழிய, ஓர் எண்ணைப் பொறுக்கியெடுத்து எண்ணிப் பார்த்தவன்போல எழுதியிருக்கக் கூடாது.

வயலுக்கு வருகிறேன். இந்த ஒரு பிழைதான் என்னை உறங்கவிடவில்லை. நான் பாபநாசத்துக்குப் பக்கத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவன். சித்திரையில் வாய்க்காலில் கிரிக்கெட் விளையாடியவன். தை மாதத்தில் சம்பா அறுவடைக்குச் சில நாள் முன்பே ஈரத்தில் தெளித்த உளுந்தும் பயறும் பங்குனியில் பிடுங்கப்பட்ட பிறகு, பாளம்பாளமாக வெடித்துக் கிடக்கும் வயலில் ஆடுமாடு மேய்வதல்லாமல் வேறு வேலை எதுவும் இல்லை என்பது எனக்குத் தெரியாததன்று. அதிலும் 1930இல் மேட்டூர் அணை கிடையாது. அது பாசனத்துக்கு வந்தது 1934இல். தென்மேற்குப் பருவமழை குடகில் பிடித்து, ஆனியிலோ ஆடியிலோ புதுப்புனல் வரும்வரை காவிரி மணலாகவே கிடந்திருக்கும். கும்பகோணத்தில் காவிரியைத் தொண்டர்கள் கால் நனையாமல் கடந்திருக்க முடியும். இத்தனையும் தெரிந்த நான் எப்படி நடவு நட்டேன் என்று யோசித்துப் பார்த்தேன். அந்த அத்தியாயத்தைச் சென்னையில், ஒரு ஐப்பசி மாதத்தில், மழை பெய்துகொண்டிருக்கும்போது எழுதினேன். தஞ்சை என்றால் பச்சை என்று வெளியூர்க்காரர்கள் எழுதும்போது நகைக்கிற நானே, தலைவர் நடந்துவருகிறார் என்றதும் வழியெல்லாம் பச்சை விரித்துவிட்டேன். சுவரொட்டி வரைகிறவர் செய்கிற வேலை அது.

இதில் இழந்தது வெறும் வருணனை என்றால் இவ்வளவு எழுத மாட்டேன். வேதாரண்யத்தை ஒட்டிய அகத்தியம்பள்ளி உப்பளங்களில் உப்பு விளைவது வெயில் ஏறிய மாதங்களில்தான். உப்பு விளைகிற சித்திரையில் காவிரியில் நீர் வராது. அந்த வெயிலில் சுமார் 150 மைலைப் பதினைந்து நாளுக்கு மேல் நடந்து, ஏப்ரல் 28 அன்று வேதாரண்யம் போய்ச் சேர்ந்தவர்களின் தலைக்குமேல் என்ன காய்ந்தது, காலுக்குக் கீழே என்ன சுட்டது என்பதை நடவு வயலைக் காட்டி நானே மறைத்துவிட்டேன். ராஜாஜிக்கு அப்போது ஐம்பத்தொரு வயது. வறண்ட காவிரியை உள்ளபடி எழுதியிருந்தால் அவருடைய நடை இன்னும் உயர்ந்து தெரிந்திருக்கும்.

வைரப்பன் விஷயம் இதைவிடப் பெரியது. ஏப்ரல் 30 அதிகாலையில் ராஜாஜி உப்பு அள்ளினார், அன்றே கைதானார். வேதாரண்யத்தில் சத்தியாகிரகத்துக்கு ஏற்பாடு செய்த சர்தார் வேதரத்தினம் பிள்ளையின் கைதைக் கேட்டு, இனி அரசுக்குத் துணைபோகிறவர்களுக்குச் சவரம் செய்வதில்லை என்று உறுதி பூண்டவர் வைரப்பன் என்பதுதான் அவரைப் பற்றிய வரலாற்றின் தொடக்கமே. ஆகவே வைரப்பன் கத்தியை மடக்கி எழுந்த மாலையில் ராஜாஜி அங்கே நிற்க வழியில்லை. என் நூலிலேயே, கைது 140ஆம் பக்கத்தில் இருக்கிறது. தோளைத் தட்டுவது 152ஆம் பக்கத்தில் இருக்கிறது. நானும் கவனிக்கவில்லை, மெய்ப்புப் பார்த்தவர்களும் கவனிக்கவில்லை, இரண்டு பதிப்புகளை வாங்கியவர்களில் தங்களுக்கு முன் யாரும் எழுதிக் கேட்கவுமில்லை. வாழ்க்கை வரலாறு எழுதுகிறவனுக்கு ஒரு பழக்கம் வந்துவிடுகிறது: நூலின் நாயகர் இல்லாத இடத்தில் ஏதேனும் நடந்தால் அது முற்றுப்பெறாதது போலத் தோன்றும், எப்படியாவது அவரை அங்கே கொண்டுவந்து நிறுத்த வேண்டியிருக்கும். வைரப்பனுக்கு ராஜாஜியின் பாராட்டு எதற்கு? தலைவர்கள் எல்லோரும் உள்ளே போய்விட்ட பிறகு, சொல்லித்தர ஆளில்லாத ஊரில், பிழைப்புக்கு இருந்த ஒரே தொழிலை வைத்து ஒருவர் செய்த காரியம் அது. அந்தத் தோள்தட்டலை எழுதியதன் மூலம் அவருடைய தனி முடிவை ராஜாஜியின் கணக்கில் வரவு வைத்துவிட்டேன். இதற்காகத் தங்களிடம் மட்டுமல்லாமல் வேதாரண்யத்தாரிடமும் மன்னிப்புக் கேட்கிறேன்.

நீதிமன்ற வசனத்தையும் நீக்கிவிட்டேன். பாதி முகத்தோடு நின்ற போலீஸ்காரருக்கு மீதியையும் மழித்துவிடும்படி நீதிபதி சொன்னபோது, தம் அடைப்பப் பெட்டியை அவர்முன் வைத்து, ‘வேண்டுமானால் நீங்களே செய்துகொள்ளுங்கள்’ என்ற பொருளில் வைரப்பன் சொல்லியதாக வழங்குகிறதே, அந்த ஒரு வரியை நானும் கேட்டுத்தான் இருந்தேன். அதன்மேல் நான் ஏற்றிய சுதந்திரம், பாரத மாதா, அடிமை விலங்கு எல்லாம் மேடைப் பேச்சிலிருந்து வந்தவை. புதிய பதிப்பில் அந்த வரி மட்டும், ‘என்று சொல்லப்படுகிறது’ என்ற சொற்களோடு, நிற்கும். செவிவழிச் செய்தியைச் செவிவழிச் செய்தி என்று சொன்னால் விறுவிறுப்புக் குறையும் என்று என் பதிப்பாளர் வருந்துகிறார். குறையட்டும்.

ஆனால் சோற்றுப் பொட்டலத்தில் தங்களோடு எனக்குப் பாதி உடன்பாடுதான். தஞ்சாவூர்க் கலெக்டர் தார்ன், தொண்டர்களுக்கு உணவோ தங்க இடமோ கொடுப்பவர்கள் தண்டிக்கப்படுவார்கள் என்று அறிவித்தது பதிவான செய்தி. அது வெறும் மிரட்டலாக நின்றுவிடவில்லை. கும்பகோணத்தில் அவர்களை வரவேற்று உபசரித்த பந்துலு ஐயரும், திருத்துறைப்பூண்டியில் சத்திரத்தில் சோறு போட்ட இராமச்சந்திர நாயுடுவும் கைது செய்யப்பட்டார்கள். வெளிப்படையாகக் கொடுத்தவருக்குச் சிறை என்றான பிறகு, கொடுத்த கை தெரியாதபடி மரக்கிளையில் கட்டிவிட்டுப் போவது நம்ப முடியாததன்று. அந்த நடையைப் பற்றிய நினைவுகளில் அது திரும்பத் திரும்ப வருகிறது. ஆகவே பொட்டலத்தை நான் நீக்கப்போவதில்லை. ‘மரத்துக்கு மரம்’ என்பதை நீக்குகிறேன். டெல்டாவில் ஒவ்வொரு வீடும் திறந்தது என்று அடுத்த பத்தியில் எழுதியதும் போகிறது. அடைத்துக்கொண்ட வீடுகளும் இருந்திருக்கும். ஆறு மாதச் சிறைக்கு அஞ்சியவர்களை இன்று நாம் பழிக்க என்ன இருக்கிறது?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தாங்கள் கேட்ட கேள்விகளை நண்பர்கள் சிலரிடம் பகிர்ந்துகொண்டேன். அது எப்படியோ பரவி, சென்ற மாதம் ஒரு கூட்டத்தில் ஒருவர், ‘நூல் முழுக்கப் பொய் என்று ஒரு பள்ளி ஆசிரியரே எழுதியிருக்கிறார், ராஜாஜி நடந்ததே கட்டுக்கதை’ என்ற அளவுக்குப் போனாராம். மறுநாள் ராஜாஜி அன்பர் ஒருவர் தொலைபேசியில் அழைத்து, ராஜாஜி முதலமைச்சராக இருந்து கொண்டுவந்த 1953ஆம் ஆண்டுக் கல்வித் திட்டத்தின்மேல் உள்ள கோபத்தில் யாரோ இதைக் கிளப்புகிறார்கள், பதிலே எழுதாதீர்கள் என்றார். தங்கள் கடிதத்தில் 1953 பற்றி ஒரு சொல்கூட இல்லை என்று நான் சொன்னதை அவர் நம்பவில்லை. அந்தத் திட்டத்தைப் பற்றி எனக்கும் கடுமையான கருத்து உண்டு. அதற்கும் சித்திரையில் நடவு உண்டா இல்லையா என்பதற்கும் என்ன தொடர்பு? யாத்திரை நடந்தது. வழிநடத்தியவர் ராஜாஜி. நான் எழுதியதில் சில இடங்கள் பிழை. இந்த மூன்றையும் ஒரே மூச்சில் ஒப்புக்கொள்வதில் எனக்குச் சிரமம் ஏதும் இல்லை. கேட்பவர்கள்தான் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள்.

போன பங்குனியில் திருத்துறைப்பூண்டியிலிருந்து பேருந்தில் அகத்தியம்பள்ளி வரை வந்தேன். வழியில் சில இடங்களில் உளுந்துச் செடியைத் தார்ச்சாலையில் பரப்பியிருந்தார்கள். எங்கள் பேருந்தும் அதன்மேல் ஏறித்தான் வந்தது. முக்காடிட்ட ஓர் அம்மாள் ஒதுங்கி நின்று, பேருந்து போனதும் சக்கையைப் புரட்டிவிட்டார். இரண்டு பக்கமும் கண்ணுக்கு எட்டியவரை சாம்பல் நிற வயல். உப்புச் சத்தியாகிரக நினைவுத்தூணின் அடியில் நிழலுக்கு ஒதுங்க இடமில்லாமல் ஒரு கால்மணி நேரம் நின்றேன். திருத்திய அத்தியாயம் அந்த வெயிலிலிருந்துதான் தொடங்குகிறது.

மூன்றாம் பதிப்பு ஆவணியில் வரும். கையிலுள்ள படிகளுக்கு நான்கு பக்கத் திருத்தத் தாள் அச்சாகிறது; கேட்கும் பள்ளி நூலகங்களுக்கு என் செலவில் அனுப்புகிறேன். அச்சுக்குப் போகுமுன் வைரப்பன் அத்தியாயத்தைத் தாங்கள் ஒருமுறை படித்துத் தர வேண்டும். தட்டச்சுப் படியை இந்தக் கடிதத்தோடு அஞ்சலில் சேர்த்திருக்கிறேன். ஓரத்தில் எழுதுவதற்கு வேண்டிய இடம் விட்டிருக்கிறேன்.

அன்புடன்,
நூலாசிரியர்