போனோர், திரும்பியோர், ஓய்வுபெற்றோர்

அன்புள்ள ஐயா,

நான் தெஹிவளையில் இருக்கிறேன். தனியார் கம்பனி ஒன்றில் வேலை. அறிவித்தல்களைத் தமிழாக்குவதும் என் தலையில்தான். போன மாதம் கொஞ்சப் பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆங்கிலத்தில் வந்த கடிதத்தை ‘ஆளணி மீளமைப்பு’, ‘சுயவிருப்ப ஓய்வுத் திட்டம்’ என்றெல்லாம் போட்டுத் தமிழில் எழுதிக் கொடுத்தேன். பலகையில் அதை வாசித்த ஓட்டுநர் ஒருவர் நேரே என் மேசைக்கு வந்து, “தம்பி, எனக்கு வேலை இருக்கா, இல்லையா? அது இதுல எங்க எழுதியிருக்கு?” என்று கேட்டார். எனக்கு வாய் வரவில்லை. அவருக்கு யோசிக்க மூன்று கிழமை தந்திருக்கிறார்கள்.

பூசிமெழுகும் சொற்களை நீங்கள் விடாமல் திட்டுகிறவர். ஆனால் இடக்கரடக்கலும் மங்கலமும் நம் இலக்கணம் அனுமதித்தவைதானே? செத்தார் என்று சொல்லாமல் காலமானார் என்கிறோம். அது பண்பு, நான் எழுதியது பொய் என்றால், கோட்டை எங்கே கீறுவது?

ச.

அன்புள்ள ச.,

முதலில் இலக்கணம். ‘அவையல் கிளவி மறைத்தனர் கிளத்தல்’ என்கிறது தொல்காப்பியம். சபையில் சொல்லக் கூசுவதை மறைத்துச் சொல் என்று பொருள். நன்னூல் இடக்கரடக்கலோடு மங்கலத்தையும், ஒரு கூட்டத்தார் தமக்குள் பேசும் குழூஉக்குறியையும் சேர்த்து, மூன்றுக்கும் ‘தகுதி வழக்கு’ என்று பெயர் வைத்தது. செத்தார் துஞ்சினார் ஆனதும் சுடுகாடு நன்காடு ஆனதும் அப்படித்தான். இதில் யாரும் ஏமாறுவதில்லை. காலமானார் என்று கேள்விப்பட்டுவிட்டு, அவர் எப்போது வருவார் என்று எவரும் விசாரித்ததில்லை.

கொழும்பில் நாங்கள் இதற்குச் சொல்கூடத் தேடுவதில்லை. ஊர்ப் பெயரே போதும். ‘மகரகமவுக்குக் கொண்டுபோகினமாம்’ என்று யாராவது சொன்னால், என்ன வருத்தம் என்று மேலே கேட்க மாட்டோம். அங்கே இருப்பது புற்றுநோய் வைத்தியசாலை. சுடலை என்று சொல்ல வேண்டிய இடத்தில் ‘நாலு மணிக்குக் கனத்தை’ என்போம். கனத்தை என்பது பொரளை மயானம். அங்கொடை மட்டும் வசையாகிவிட்டது. அங்குள்ள வைத்தியசாலைக்குத் தேசிய மனநல நிறுவகம் என்று மதிப்பான பெயர் வைத்தும் பயனில்லை. அங்கொடையில் வீடு வாங்கியவர்கள்தான் பாவம். ‘நாலாம் மாடி’ வேறு சங்கதி. எந்தக் கட்டடத்தின் நாலாம் மாடி என்று தமிழர் யாரும் கேட்டதில்லை. குற்றப் புலனாய்வுத் திணைக்களம் என்று பஸ்ஸுக்குள் வாய்விட்டுச் சொல்ல முடியாத காலத்தில் பிறந்த குழூஉக்குறி அது. பயந்தவர்கள் பேசிய பாஷையை நான் பொய் என்று சொல்ல மாட்டேன்.

அப்ப நான் எதைத் திட்டுகிறேன்? ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன்.

வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியில், கீழ்வீட்டில் ஒரு மாமி இருக்கிறார். 2007இல் அவருடைய மகனை வெள்ளை வானில் ஏற்றிக்கொண்டு போனார்கள். சில வருடங்களுக்கு முன் ஒரு படிவம் நிரப்ப வேண்டியிருந்தது. துணைக்கு நானும் போனேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் தமிழ்ப் பிள்ளை, மரியாதையானவர். “மகன் எப்ப அம்மா காணாமல் போனவர்?” என்று பேனாவை வைத்துக்கொண்டு கேட்டார். கைப்பைக்குள் படத்தைத் தேடிக்கொண்டிருந்த மாமி நிமிர்ந்தார். “அவர் போகேல்லை தம்பி. கொண்டு போனவங்கள்.” அந்தப் பிள்ளை படிவத்தைப் பார்த்தார். ‘காணாமல் போன திகதி’ என்றுதான் அச்சடித்திருந்தது. பக்கத்தில் இரண்டு அங்குலக் கோடு. திகதியை எழுதினார்.

மாமி செய்தது இலக்கணத் திருத்தம். ‘போனோர்’ என்றதும் எழுவாய் அந்த மகன் ஆகிவிடுகிறான். அவனே போனான், அவனே தொலைந்தான். கொண்டுபோனவர்களுக்கு அந்த வாக்கியத்தில் இடமே இல்லை. 2016ஆம் ஆண்டுச் சட்டம் அமைத்த அலுவலகத்தின் பெயரே ‘காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம்’. 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சியில் கொட்டில் போட்டு உட்கார்ந்த தாய்மார், ‘வலிந்து காணாமல் ஆக்கப்பட்டோர்’ என்ற நீளமான, நாக்கில் தடுக்குகிற சொல்லை விடாப்பிடியாகச் சொல்லிக்கொண்டிருப்பதற்குக் காரணம் இதுதான். தலைப்பில் இடம் காணாது என்று நானும் ஒருமுறை அதைச் சுருக்கியிருக்கிறேன். வந்த கடிதங்கள் இன்னும் இலாச்சியில் கிடக்கின்றன.

ஒருமுறை இது கண்ணில் பட்டால், பிறகு எங்கும் படும். இலங்கையும் இந்தியாவும் செய்த 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், இங்கிருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு ஒதுக்கியது. தோட்டத்து லயத்தில் பிறந்து, அங்கேயே கொழுந்து பறித்து வளர்ந்தவர்கள், தலைமன்னாரில் கப்பலேறி இராமேஸ்வரத்தில் இறங்கியதும் ‘தாயகம் திரும்பியோர்’ ஆனார்கள். காணாத ஊருக்கு எப்படித் திரும்புவது? அனுப்பியவர்கள் இரண்டு அரசாங்கங்கள். சொல்லில் இரண்டுமே இல்லை.

கொழும்பில் இருக்கும் அரசை மட்டும் சொல்லித் தப்ப எனக்கு விருப்பமில்லை. 1990 ஒக்டோபர் 30 அன்று யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் இரண்டு மணி நேர அவகாசம் கொடுத்து வெளியேற்றினார்கள். எங்களில் எத்தனையோ பேர் அதைக் கனகாலம் ‘இடப்பெயர்வு’ என்றுதான் எழுதினோம். புத்தளத்துக்குப் போனவர்கள் ‘இடம்பெயர்ந்தோர்’. என்னவோ காற்று மாறிப் பறந்துபோன பறவைகள் மாதிரி. இந்தச் சொல்லை எந்த அமைச்சும் எங்களுக்கு எழுதித் தரவில்லை.

(எரிபொருள் ‘விலைத் திருத்தம்’ போன்றவற்றை இந்த வரிசையில் வைக்க மாட்டேன். பிழையைத்தான் திருத்துவார்கள் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம், அவ்வளவுதான். பெற்றோல் நிலையத்தில் காசு கொடுக்கும்போது எல்லோருக்கும் விளங்கிவிடுகிறது.)

சரி, உங்கள் அறிவித்தலுக்கு வருவோம். ‘ஓய்வுபெற்றோர்’ அதே குடும்பத்துப் பிள்ளைதான். அனுப்பியது கம்பனி, எழுவாய் ஓட்டுநர். ஆனால் ‘விருப்பம்’ எங்கிருந்து வந்தது தெரியுமா? 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம். 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் ஒருவரை நிறுத்துவதானால், அவருடைய எழுத்துமூலச் சம்மதம் முன்கூட்டியே வேண்டும். இல்லையென்றால் தொழில் ஆணையாளரின் எழுத்துமூல அனுமதி வேண்டும். ஆணையாளரிடம் போனால் விசாரணை, கணக்குவழக்கு, எப்போது முடியும் என்று தெரியாத அலைச்சல். சம்மதத்துக்கு ஒரு கையெழுத்துப் போதும். அந்தச் சொல்லை வெறும் பூச்சு என்று நினைத்துத்தான் நீங்கள் தமிழாக்கியிருப்பீர்கள். ஆனால் முழுக் கடிதத்திலும் அதிகம் வேலை செய்கிற சொல் அதுதான். ‘ஆளணி மீளமைப்பு’ வெறும் அலங்காரம்.

அடுத்த முறை இப்படி எழுதிப் பாருங்கள்: ‘கம்பனி இத்தனை பேரை இந்தத் திகதியிலிருந்து நிறுத்த விரும்புகிறது. நீங்கள் சம்மதித்தால் இவ்வளவு பணம் தரும்.’ வேண்டிய மரியாதையை முன்னும் பின்னும் சேர்த்துக்கொள்ளலாம். வருத்தத்துடன் அறியத் தருகிறோம் என்று தொடங்குவதில் எனக்கு ஒரு மறுப்பும் இல்லை. மேலிடம் வெட்டினால் வெட்டட்டும், எதை வெட்டினார்கள் என்று எனக்கு எழுதுங்கள்.

அதற்கு முன் அந்த ஓட்டுநரைப் பிடியுங்கள். அவர் கேட்டதற்கு இப்போதைய பதில், வேலை இருக்கிறது என்பதுதான். கையெழுத்துப் போடும்வரை, அல்லது ஆணையாளர் அனுமதி கொடுக்கும்வரை இருக்கிறது. கடிதத்தைச் சட்டம் தெரிந்த யாரிடமாவது, இல்லாவிட்டால் தொழில் திணைக்களத்திலாவது காட்டச் சொல்லுங்கள். மூன்று கிழமை என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் கடிதம் எனக்கு வந்தே ஒன்பது நாளாகிறது.